கொலைக்கு முந்தைய சில மணி நேரம்

பாராங் வெட்டு வாங்கிய ஓர் இளைஞனைத் தாப்பா மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அவசரப் பிரிவில் தையல் போடுகிறார்கள். வெளியே பத்து மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. வெட்டியவன் யார், எந்தத் தாமான், இந்நேரம் எந்த மாமாக் கடையில் உட்கார்ந்திருப்பான் என்று கூட்டாளிகள் கைப்பேசியில் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புகிறான்; எதை எடுத்துவரப் போகிறான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். போலீசும் வந்திருக்கிறது, வாக்குமூலம் எழுத. அது நடந்து முடிந்த வெட்டுக்கானது. இனி நடக்கப்போகும் வெட்டைப் பற்றிப் பேச அந்த வளாகத்தில் ஒருவரும் இல்லை.

கொலைகளை நிறுத்தப் பொதுமக்களே இறங்கிய சில நகரங்களில் அவர்கள் நுழைந்தது இந்த இடைவெளிக்குள்தான். முதல் அடிக்கும் பதிலடிக்கும் நடுவே சில மணி நேரம் இருக்கும், சில சமயம் பல நாள். துக்க வீடு, சவ ஊர்வலம், பதினாறாம் நாள் காரியம் எல்லாம் அதற்குள் வந்துபோகும். அந்த நேரத்தில் ஆத்திரக்காரனின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போகக் கூடியவர் யார்? போலீஸ் அதிகாரியோ நாடாளுமன்ற உறுப்பினரோ அதைச் செய்ய முடியாது. அவன் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவரால்தான் முடியும்.

தாப்பாவை அடுத்த பீடோர் பெரிய ஊரல்ல. வாத்து மீயும் கோழி பிஸ்கட்டும் வாங்க நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அது ஓர் இளைப்பாறும் இடம். மலேசியாவின் கொலை விகிதமும் உலகக் கணக்கில் குறைவுதான். பிறகு ஏன் இந்தப் பேச்சு என்றால், அந்தக் குறைந்த எண்ணிக்கைக்குள் நம் பிள்ளைகளின் பங்கு குறைவாக இல்லை. 2013 ஆகஸ்டு இறுதியில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்கள் என்று சொல்லப்பட்ட 40,313 பேரில் 28,926 பேர் இந்தியர்கள், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர். மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர். இது போலீசின் கணக்கு, நீதிமன்றத் தீர்ப்பல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். கும்பலின் எண் பொறித்த டீ சட்டை போட்டவனும் கடைகளில் வசூல் செய்பவனும் ஒரே வரிசையில் வந்துவிடக்கூடிய கணக்கு அது. பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது சிறிய எண்ணல்ல.

தோட்டம் போனதுதான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பால்மரம் வெட்டி செம்பனை நட்டபோது ஆள் தேவை குறைந்தது. மிச்ச வேலைக்குக் குத்தகை ஆட்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள். லயத்தில் இருந்தவர்கள் ஊர்ப்புறத்துத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனார்கள். வேலையோடு வீடும் போயிற்று. இன்னொன்றும் போயிற்று, அதை யாரும் இழப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. லயத்தில் சண்டை என்றால் தண்டலோ கோயில் தலைவரோ தொழிற்சங்கக்காரரோ நடுவில் வந்து நிற்பார். அந்த ஏற்பாட்டை இனிப்பாக நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பல இடங்களில் நிர்வாகத்தின் கையாளே நாட்டாமை. இருந்தாலும் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்ட ஒரு வீடு இருந்தது. 1990களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்துச் சிறுவன் கும்பல் பக்கம் சாய்வதைச் சொன்ன ‘ஜகாட்’ படத்தை ஷாஞ்ஜே குமார் பெருமாள் 2015-இல் வெளியிட்டார்; மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அந்தப் பையனைச் சுற்றிப் பெரியவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அடிக்கவும் திட்டவும் ஆள் உண்டு.

அரசின் கையில் இருப்பது என்ன? 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் கீழ் சந்தேக நபர்களை விசாரணையின்றி அடைத்துவைக்க முடிந்தது. 2011 இறுதியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை ரத்துசெய்ய, அந்தச் சட்டம் காலாவதியாகி, உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். 2013-இல் துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தபோது அதற்கு இதுவே காரணம் என்று போலீஸ் தரப்பு சொன்னது. கும்பல்களைக் குறிவைத்த ‘ஓப்ஸ் சந்தாஸ்’ நடவடிக்கை வந்தது. அந்த ஆகஸ்டில் பினாங்கில் ஒரே வீட்டில் ஐந்து இந்திய இளைஞர்கள் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பிறகு 1959-ஆம் ஆண்டுக் குற்றத்தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 2014 முதல், குற்றத்தடுப்பு வாரியத்தின் ஆணைப்படி இரண்டாண்டு தடுப்புக்காவல் என்று கொண்டுவந்தார்கள். அதை நீட்டிக்கவும் முடியும். சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமுக்குப் போகாதவர்களை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிக் கண்காணிப்பில் வைப்பார்கள். சுங்கை சிப்புட் பையன் கிளந்தானின் ஏதோ ஒரு மூலையில் இரண்டாண்டு உட்கார்ந்துவிட்டு, அங்கே கிடைத்த புதுச் சகவாசத்தோடு ஊர் திரும்புவான். கொலை நடந்துவிட்டால் தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவு. 2023 ஜூலைக்குப் பின் அதில் தூக்கு கட்டாயமல்ல, 30 முதல் 40 ஆண்டு சிறை என்று நீதிபதி முடிவெடுக்கலாம். ஆக, வெகு முன்னால் ஒரு சட்டம், வெகு பின்னால் ஒரு சட்டம். மருத்துவமனை வாசலில் நிற்கும் அந்தப் பத்து மோட்டார் சைக்கிளுக்கு எதுவும் இல்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் சுமார் ஆறு லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2017-இல் மட்டும் 340-க்கு மேற்பட்ட கொலைகள். எரிக்கா பிரிட்ஜ்ஃபோர்ட் என்ற பெண் அங்கே சமரசப் பேச்சுப் பணியில் இருந்தவர். சொந்தச் சகோதரரைக் கொலைக்குப் பறிகொடுத்தவர். அவரும் சிலரும் சேர்ந்து ஊருக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: ஆகஸ்டு 4 முதல் 6 வரை மூன்று நாள், யாரும் யாரையும் கொல்லாதீர்கள். பின்னால் அரசு இல்லை, போலீஸ் இல்லை. கதவு கதவாகத் தட்டினார்கள், கடைத்தெருவில் துண்டறிக்கை கொடுத்தார்கள், போதைப்பொருள் விற்கும் முனைகளுக்கே போய் நின்று பேசினார்கள். அந்த மூன்று நாளும் விருந்து, ஊர்வலம், வேலைவாய்ப்பு மேசை என்று நகரமெங்கும் மக்களே கூட்டம் நடத்தினார்கள்.

அந்த வார இறுதியில் இருவர் கொல்லப்பட்டார்கள். எரிக்காவின் குழு ரத்தம் காயாத அந்தத் தெருவுக்கே போய் நின்றது. சாம்பிராணி போல ஒரு மூலிகையை எரித்து, இறந்தவருக்காகக் கைகோத்து நின்றார்கள். பிறகு அது வழக்கமாயிற்று: யார் செத்தாலும், அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும், அந்த இடத்துக்குப் போவது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொலையில்லா வார இறுதியும் தொடர்ந்தது. 2020-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வு, அந்த வார இறுதிகளில் துப்பாக்கி வன்முறை ஏறத்தாழ பாதியாக, 52 விழுக்காடு, குறைந்திருந்ததாகக் கண்டது. தள்ளிவைத்த கொலைகள் அடுத்த வாரம் சேர்த்து நடந்தனவா என்றும் பார்த்தார்கள். அப்படி நடந்ததற்குத் தடயம் இல்லை.

மூன்று நாள் விரதம் போலக் கேலிக்குரியதாகத் தெரியலாம். ஆனால் கத்தியை எடுத்தவர்களில் பலருக்குக் கொல்ல ஆசையில்லை, பின்வாங்க வழியில்லை என்பதுதான் நிலைமை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; விட்டால் பொட்டை என்பார்கள். ‘இந்த வாரம் வேண்டாம்னு ஊரே சொல்லுது, அதனால விட்டேன்’ என்று சொல்ல ஒரு சாக்குக் கிடைத்தால் மானம் போகாமல் வீட்டுக்குப் போகலாம். ஊர்ப் பெரியவர் சொன்னதால் விட்டேன் என்பதும் நம் பக்கத்தில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

சிகாகோவில் இதையே தொழிலாக்கினார்கள். கேரி ஸ்லட்கின் சோமாலியாவில் காலரா போன்ற தொற்றுகளோடு போராடிய மருத்துவர். ஊர் திரும்பி நகரத்துக் கொலைகள் நடந்த இடங்களை வரைபடத்தில் பார்த்தபோது கொள்ளை நோய் பரவும் அதே வடிவம் தெரிந்தது என்றார் அவர். நோயில் செய்வதையே செய்யலாம்: தொற்று எங்கே என்று பார், அடுத்தவருக்குத் தாவும் முன் தடு. 2000-இல் மேற்கு கார்ஃபீல்ட் பார்க் என்ற பகுதியில் தொடங்கிய திட்டத்தில் வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் சிறைக்குப் போய் வந்தவர்கள், பழைய கும்பல்காரர்கள். இவர்களுக்குச் சம்பளம் உண்டு. வேலை என்ன என்றால் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது, சண்டை முற்றும் இடத்துக்குப் போவது, மருத்துவமனையில் குடும்பத்தோடு உட்காருவது. யாரையும் போலீசில் காட்டிக்கொடுப்பதில்லை என்பது அடிப்படை விதி. அது போனால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இது எல்லா ஊரிலும் பலித்தது என்று சொன்னால் பொய். சிகாகோவின் ஏழு பகுதிகளை ஆராய்ந்த பெரிய மதிப்பீட்டில் நான்கில்தான் குறைவைத் திட்டத்தோடு இணைக்க முடிந்தது. பிட்ஸ்பர்க்கில் அதே மாதிரித் திட்டம் பலன் தரவில்லை. சிகாகோவில் பணம் நின்றபோதெல்லாம் ஆட்கள் கலைந்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கதை வேறு. அங்கே துப்பாக்கி இல்லை, நம் ஊர் போலக் கத்திதான். 2005-இல் போலீசே ஒரு வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கி, கும்பல் பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு அழைத்து, மகனைப் பறிகொடுத்த தாயையும் முகத்தில் வெட்டுத் தைக்கும் மருத்துவரையும் அவர்கள் முன்னால் பேச வைத்தது. கையோடு ஒரு தொலைபேசி எண்ணும் தந்தது: வேலை வேண்டுமா, கூப்பிடு. பத்தாண்டில் ஸ்காட்லாந்தின் கொலை எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது.

நமக்கு நெருக்கமான கதை கனடாவின் டொரோண்டோவில் இருக்கிறது. 1990களின் பிற்பாதியில் ஸ்கார்பரோவில் வி.வி.டி., ஏ.கே. கண்ணன் என்ற இரண்டு தமிழ்க் குழுக்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள் அவர்களில் பலர். பெற்றோர் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1997 டிசம்பரில் எந்தக் குழுவையும் சேராத ஒரு பல்கலைக்கழக மாணவர் டோனட் கடையில் சுட்டுக்கொல்லப்பட்டார். பெரியவர்களின் சங்கங்கள் சமூகத்துக்குக் கெட்ட பெயர் என்று வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில், இளைஞர்களே கூடிக் கனேடியத் தமிழ் இளையோர் மேம்பாட்டு மையத்தைக் கட்டினார்கள். பாடம் சொல்லிக்கொடுப்பது, வழிகாட்டுவது, விளையாட்டு, பெற்றோரிடம் பேசுவது என்று வேலை நடந்தது. 2001 அக்டோபரில் போலீஸ் பெரிய சோதனை நடத்திப் பலரைக் கைதுசெய்து நாடுகடத்தும் நடவடிக்கையில் இறங்கியது. அதன்பின் அந்தத் துப்பாக்கிச் சண்டைகள் அடங்கின. எதனால் என்று கேட்டால் போலீஸ் ஒன்று சொல்லும், இளைஞர் மையம் ஒன்று சொல்லும். என் கணிப்பில் கைது ஒரு தலைமுறையை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த தலைமுறை அந்தக் காலி இடத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டது மற்றவர்கள்.

மலேசியாவில் இந்த இரண்டாவது வேலைக்கு, அடுத்த தலைமுறையைக் காப்பதற்கு, ஆட்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் பசுபதி சிதம்பரம் முன்னின்று 2011-இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியை விட்ட பிள்ளைகளைத் தங்கவைத்து மின்கம்பி வேலை, குளிர்சாதனம் பழுதுபார்த்தல், ரொட்டி சுடுதல் என்று கைத்தொழில் கற்றுத்தருகிறது. அதன் களும்பாங் வளாகம் பேராக் எல்லையை ஒட்டி, தஞ்சோங் மாலிமுக்குக் கீழே. பீடோரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பேராக்கில் டாக்டர் ஜெயகுமார் தேவராஜும் நண்பர்களும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ‘அலைகள்’ அமைப்பின் வழியாகப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையும் உண்டு. இன்னும் பின்னால் போனால், 1946-47-இல் கெடா தோட்டங்களில் ஏ.எம். சாமி கட்டிய தொண்டர் படை. கள் குடித்துவிட்டு அடித்துக்கொள்வதையும் மனைவியை உதைப்பதையும் நிறுத்தத் தோட்டத்து ஆண்களே கூடினார்கள், கள்ளுக்கடை வாசலில் மறித்து நின்றார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பெடோங்கில் போலீஸ் அவர்கள்மேல் பாய்ந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள் விற்ற காசு யாருக்குப் போனது என்று பார்த்தால் அந்தப் பாய்ச்சலின் காரணம் புரியும்.

ஆனால் முதல் வேலைக்கு, அடிக்கும் பதிலடிக்கும் நடுவிலான அந்தச் சில மணி நேரத்துக்கு, யாரும் இல்லை. சரியாகச் சொன்னால், ஆள் உண்டு, நம் பக்கம் இல்லை. கும்பல்களுக்குள்ளேயே ‘டேபிள் டாக்’ என்று ஒன்று நடக்கும். இரண்டு பக்கத்துத் தலைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து, யாருக்கு யார் எவ்வளவு தருவது, எந்த ஏரியா யாருடையது என்று முடிவெடுப்பார்கள். பேச்சு முறிந்தால் அன்றிரவே வெட்டு விழும். அதாவது சமரசம் செய்யும் திறமை, அதற்கான மரியாதை, தொலைபேசி எண்கள் எல்லாம் இருக்கின்றன. அவை வியாபாரத்துக்கு வேலை செய்கின்றன, உயிருக்கு அல்ல.

அந்த மேசையில் கும்பலை விட்டு வந்த ஒருவர் சமாதானத்துக்காக உட்கார்ந்தால் என்ன ஆகும்? 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் 43-ஆவது பிரிவுப்படி, சட்டவிரோதச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொள்வதே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. 2013 பட்டியலில் உள்ள கும்பல்கள் எல்லாம் சட்டவிரோதச் சங்கங்கள். எதற்காகப் போனாய் என்று போலீஸ் கேட்டால் அவர் என்ன ஆதாரம் காட்டுவார்? பழைய குற்றப் பதிவு வேறு இருக்கிறது, குற்றத்தடுப்புச் சட்டம் வேறு கையில் இருக்கிறது. கோயில் தலைவர்களும் இந்தப் பயத்தால்தான் ஒதுங்குகிறார்கள்; அதிகபட்சம் தைப்பூசக் காவடியில் எண் போடாதே, கும்பல் கொடி தூக்காதே என்று அறிவிப்புப் பலகை வைப்பதோடு சரி. சவ ஊர்வலத்தில் கொடி வரும்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை, துக்க வீட்டில் எப்படிச் சொல்வது என்பார்கள். அடுத்த கொலை முடிவாகக்கூடிய இடம் அதுதான்.

பீடோர், தாப்பா, சுங்காய் வட்டாரத்துக்கு இப்படியொரு குழு வேண்டுமென்றால் நான்கைந்து பேர் போதும். கும்பலை விட்டு வந்த பழையவர் இருவர், பிள்ளையை இழந்த தாய் ஒருவர், எந்த வீட்டுக்கும் போய் வரக்கூடிய ஆசிரியரோ சவ வண்டிக்காரரோ ஒருவர். இரவில் தொலைபேசி எடுப்பதற்கு மாதச் சம்பளம் வேண்டும். பணம் நின்றால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள் என்பதைச் சிகாகோ காட்டியாயிற்று. இந்தியச் சமூகத்துக்கான அரசுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு வருகிறது. அதில் ஐந்து பேருக்குச் சம்பளம் கண்ணுக்குத் தெரியாத தொகை. 43-ஆவது பிரிவு இவர்கள்மேல் பாயாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டியவர் சட்டத்துறைத் தலைவர். கேட்க வேண்டியவர்கள் நம் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும். வெட்டு வழக்கு நடந்தால் குடும்பத்தைப் பார்க்க வந்து படம் எடுத்துக்கொள்கிறார்களே, அவர்களேதான்.