பெரோஸாபாத் உலைகள் உணர்த்தும் பாடம்

திருகோணமலையிலிருந்து சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வரை செல்லும் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கிராமங்களில் வாழ்கின்றனர். இவர்களது திருமண வீடுகளிலும் பெருநாள் கொண்டாட்டங்களிலும் வண்ணக் கண்ணாடிக் காப்புகளுக்குத் தனியிடம் உண்டு. கண்ணாடிக் காப்பு என்றதும் தெற்காசியாவில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் இந்தியாவின் பெரோஸாபாத் ஆகும். அந்நகரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது, கைத்தொழில் பற்றிய எமது சிந்தனைக்கும் பயன் தரும்.

கண்ணாடியின் மூலப்பொருள் மணலே. தூய வெண்மணல் தனித்து உருகுவதற்குச் சுமார் 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடாவைச் சேர்த்தால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகும். சுண்ணாம்பைச் சேர்த்தால் நீரில் கரையாத உறுதியைப் பெறும். தொழிற்சாலைச் சோடா தோன்றுவதற்கு முன்னர் உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலே பல நாடுகளில் இத்தேவையை நிறைவு செய்தது. கோபால்ட் நீல நிறத்தையும் மங்கனீஸ் ஊதா நிறத்தையும் தரும். மணலில் கலந்துள்ள இரும்பு பச்சை சாயலை ஏற்படுத்தும்.

உருகிய கண்ணாடியைக் குழாயின் நுனியில் எடுத்து வாயால் ஊதி உருவமைக்கும் முறை, கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் சிரியா - பலஸ்தீனக் கரையோரத்தில் தோன்றியது. அதற்கு முன்பே எமது தீவு கண்ணாடியை அறிந்திருந்தது. கிரிபாவவில் நடைபெற்ற அகழ்வாய்வுகள் பழங்காலக் கண்ணாடி உலைகளை வெளிக்கொணர்ந்தன. மன்னாரின் மாந்தைத் துறைமுகத்தில் 1980களில் மேற்கொள்ளப்பட்ட அகழ்வுகளில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. தமிழகக் கரையிலுள்ள அரிக்கமேடும் இத்தகைய மணிகளுக்குப் பெயர்பெற்றது. எனினும், இவ்விடங்களில் அத்தொழில் காலப்போக்கில் மறைந்தது. மணல் மட்டும் எஞ்சியது.

பெரோஸாபாத்தில் அது மறையவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஆக்ராவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ள இந்நகரில், வெளியிலிருந்து வந்த உடைந்த கண்ணாடிப் பொருட்களைச் சேகரித்து, விறகு உலைகளில் மீண்டும் உருக்கியதிலிருந்தே இத்தொழில் ஆரம்பித்தது என்பது அங்கு வழங்கிவரும் மரபுச் செய்தியாகும். ‘ஷீஷ்கர்’ எனப்படும் முஸ்லிம் கைவினைஞர் சமூகம் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியது. காப்புத் தொழிலின் தந்தையாக ஹாஜி ருஸ்தம் உஸ்தாத் என்பவரை நகர மக்கள் போற்றுகின்றனர். இன்று அவ்வுலைகளில் இரு மதத்தவரும் உழைக்கின்றனர். அங்கு செய்யப்படும் காப்புகளை இந்து மணப்பெண்ணும் அணிகிறாள். ஈதுப் பெருநாளில் முஸ்லிம் பெண்ணும் அணிகிறாள்.

காப்பு ஊதிச் செய்யப்படுவதன்று. இழுக்கப்பட்ட கண்ணாடி இழை, சுழலும் தண்டின் மீது சுருளாகச் சுற்றப்பட்டு வெட்டப்படும். வெட்டிய வளையங்களின் முனைகளைச் சுடரில் காட்டி ஒட்டும் வேலை பெரும்பாலும் வீடுகளில் நடைபெறும். பூச்சாடி, விளக்குக் கூடு, அலங்காரக் குப்பி போன்றவையே ஊதிச் செய்யப்படுகின்றன. ஊதுபவர் குழாயை இடைவிடாது சுழற்ற வேண்டும். சற்றே தாமதித்தாலும் கண்ணாடி ஒருபுறம் சரிந்துவிடும். செய்து முடித்த பொருளையும் மெதுவாகவே ஆறவைக்க வேண்டும். விரைந்து குளிர்ந்தால் உள்ளிறுக்கத்தால் அது வெடிக்கும். இந்நுட்பத்தை நூலால் மட்டும் கற்பிக்க இயலாது. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தர எவருமிரார்.

இத்தொழிலுக்குப் பெருஞ்சோதனை 1996ஆம் ஆண்டு வந்தது. தாஜ்மஹாலின் வெண்பளிங்கு தொழிற்சாலைப் புகையால் கெடுகின்றது என்ற வழக்கில், அவ்வாண்டு டிசெம்பர் 30ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாஜ்மஹாலைச் சுற்றி வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு வலயத்தில் நிலக்கரியைப் பயன்படுத்தும் ஆலைகள் இயற்கை வாயுவுக்கு மாறவேண்டும், அல்லது வலயத்தை விட்டு வெளியேறவேண்டும் என்பதே அதன் சாரம். பெரோஸாபாத்தும் அவ்வலயத்தினுள் அடங்கியது. குழாய்வழி வாயு வந்தது, உலைகள் மாறின, தொழில் பிழைத்தது. அதேவேளை, உலையின் உயிர் வாயு விலையுடன் பிணைக்கப்பட்டது. கண்ணாடி உலையை நினைத்த வேளையில் அணைத்து ஏற்ற முடியாதாகையால், விலை உயரும்போது அதன் சுமை இறுதியில் தொழிலாளியின் கூலியிலேயே விழுகின்றது.

பளிங்கைக் காக்க நீதிமன்றம் முன்வந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால், அப்பகுதியில் உலையின் முன் நிற்பவரின் நுரையீரலும் கண்ணும் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. நுண்ணிய மணற்றூசு நுரையீரலில் தழும்பை ஏற்படுத்தும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணமாகும். அதனை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. சுடரருகே குனிந்து காப்பு ஒட்டுவோரின் பார்வையும் பாதிக்கப்படுகின்றது. சிறுவர் உழைப்பைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1986ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. ஆயினும், வேலை வீட்டுக்குள் நடைபெறும்போது, சட்டம் வாசற்படியைத் தாண்டுவது எளிதன்று. கடனும் குறைந்த கூலியும் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து அச்சுடரருகே இழுத்து வந்தன. ஒரு கலை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது என்று நாம் பெருமையுடன் கூறும்போது, அந்த மகனுக்கு வேறு வழி இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

ஊதுகண்ணாடி பிறந்த சிரியாவிலும் நிலைமை கவலைக்குரியதே. அந்நாட்டின் மரபுவழிக் கண்ணாடி ஊதும் கலையை, உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுரிமைகளின் பட்டியலில் 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் யுனெஸ்கோ சேர்த்தது. போர் கைவினைஞரைச் சிதறடித்தால் அவர்களது கலையும் சிதறும் என்பதை வடகிழக்கில் வாழும் எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

எமது மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனிமங்கள் செறிந்த மணல் உள்ளது. இது கண்ணாடிக்குரிய வெண்மணல் அன்று. எனினும், கண்ணாடி உலைகளின் உட்சுவருக்கான வெப்பந்தாங்கு கற்களைச் செய்வதற்குச் சிர்கோன் பயன்படுகின்றது. 1957ஆம் ஆண்டு இதற்கெனக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டபோதும், இக்கனிமங்கள் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளன. மணலைப் பெறுமதியான பொருளாக்கும் நுட்பமும் அதனால் கிடைக்கும் தொழில்வாய்ப்பும் பிறநாடுகளுக்கே சென்றன.

மணல் இருப்பதனால் மாத்திரம் ஒரு கைத்தொழில் தோன்றிவிடாது என்பதற்கு மாந்தையும் புல்மோட்டையும் சாட்சி. தொழில் நிலைத்தால் மட்டும் தொழிலாளி வாழ்ந்துவிட மாட்டான் என்பதற்குப் பெரோஸாபாத் சாட்சி. எனவே, இக்கரையோரத்தில் கைத்தொழில் பயிற்சி பற்றியோ, கனிய மணலுக்குப் பெறுமதி சேர்ப்பது பற்றியோ திட்டமிடுவோர், தூசு தடுப்பு, மருத்துவப் பரிசோதனை, நியாயமான கூலி, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றை முதற்பக்கத்திலேயே எழுத வேண்டும். இலாபம் வந்த பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கி வைக்கத்தக்க விடயங்கள் அல்ல இவை. அயற்கிராமங்களில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்கள் இக்கோரிக்கையை ஒரே குரலில் முன்வைப்பார்களாயின், அதனைப் புறக்கணிப்பது எவருக்கும் எளிதாக இராது.