பாட்டுக்கும் ஒரு பாடு!

பொன்னேரியில் இருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் திருப்பாலைவனம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டு மணல்காடு என்று நினைத்துவிடாதீர்கள். பாலை மரங்கள் நிறைந்த வனமாக இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்த ஊரைத் தாண்டிப் போனால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். பழவேற்காடு ஏரி வந்துவிட்டது! ஏரிக்கு அப்பால் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. இப்பால், கரை ஓரமாக மீனவர் குப்பங்கள்.

இந்தக் குப்பங்கள் சிலவற்றில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அதற்குப் "பாடு" என்று பெயர். இது பாட்டுப் பாடுவது அல்ல. வலை போடும் முறை!

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் என்ன ஆகும்? வலையோடு வலை சிக்கும். ஆளோடு ஆள் மோதுவார்கள். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வகுத்தார்கள். முறை வந்தவருக்கு அன்று இடம் நிச்சயம். அந்த முறையைத் தவறவிட்டால் அன்று ஓடிய நீர் மறுநாள் திரும்பி வராது.

ஏரியில் நடக்கும் இந்தப் பாட்டுக்கும், வீட்டில் ஒலிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது!

பாட்டுக் கிடங்கு

அந்தக் காலத்தில் இசைத்தட்டு இருந்தது. ஒரு பக்கத்துக்கு சுமார் 3 நிமிடம்தான் பாடும். பிறகு டேப் வந்தது. 1982-ம் ஆண்டு ஜப்பானில் "சி.டி." தட்டு விற்பனைக்கு வந்தது. இப்போது தட்டும் வேண்டாம், டேப்பும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஒரு சிறு பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான பாட்டுகள் அடங்கிவிடுகின்றன.

இந்தப் பெட்டிக்கு "மியூசிக் சர்வர்" என்று பெயர். பாட்டுக் கிடங்கு என்று சொல்லலாம். உண்மையில் இதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். பாட்டைச் சேர்த்து வைப்பதும், கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும்தான் இதன் வேலை. சி.டி.யில் உள்ள பாட்டைக் குறைக்காமல் அப்படியே சேர்த்தால், ஒரு "டெரா பைட்" கொள்ளளவு உள்ள பெட்டியில் சுமார் 1,500 மணி நேரப் பாட்டு பிடிக்கும். இரவும் பகலும் இடைவிடாமல் கேட்டாலும் முடிய 2 மாதம் ஆகும்!

சென்னை மியூசிக் அகாடமியில் இப்படி ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. "டேக்" குழுமத்தைச் சேர்ந்த ஆர்.டி.சாரி முயற்சியில் அமைந்தது அது. திரையில் விரலால் தொட்டால் போதும். மறைந்துபோன மேதைகளின் கச்சேரிகள் காதில் ஒலிக்கும்.

இனிமையை எண்ண முடியுமா?

பெட்டிக்குள் பாட்டு பாட்டாக இருப்பது இல்லை. எண்ணாக இருக்கிறது!

பாடகர் பாடும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணை எழுதி வைக்கிறார்கள். வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று. இதுதான் சி.டி.யின் கணக்கு.

கேட்கும்போது அந்த எண்களைத் திரும்பவும் ஒலியாக்க வேண்டும். அதற்கு "டாக்" என்ற தனிக்கருவி இருக்கிறது. பாட்டுக் கிடங்குக்கும் டாக் கருவிக்கும் நடுவே ஒரு கம்பி. கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிறோமே, அதே "யூ.எஸ்.பி." கம்பிதான்.

கம்பியைச் செருகிவிட்டால் பாட்டு தானாக ஓடிவிடுமா? ஓடாது. அதை ஓட்டிச் செல்ல ஒருவர் வேண்டும். அவருக்குப் பெயர் "டிரைவர்". பஸ் ஓட்டும் டிரைவர் அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு நிரல் அது. இன்ன வேளையில் இன்னது செய் என்று வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள்தான் நிரல்.

வினாடிக்கு ஆயிரம் முறை

யூ.எஸ்.பி. கம்பியிலும் ஏரியைப் போலவே முறை உண்டு. விசைப்பலகை, அச்சு யந்திரம், பாட்டுக் கருவி எல்லாம் ஒரே வழியில் போகவேண்டியிருக்கும். யார் எப்போது போவது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பழைய வகையில் ஒரு வினாடியை ஆயிரம் கூறு போட்டு முறை வைத்தார்கள். 2000-ம் ஆண்டு வந்த இரண்டாவது வகையில் வினாடிக்கு 8,000 முறை!

பாட்டுக்கு இதில் தனி மரியாதை. ஒவ்வொரு முறையும் அதற்கு இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. வழியில் ஏதாவது கெட்டுப்போனால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அச்சுக்குப் போகும் எழுத்து கொஞ்சம் தாமதித்து வந்தால் பாதகம் இல்லை. பாட்டு அப்படியா? நேரம் கடந்து வந்த ஸ்வரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? முறை தவறினால் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அல்லது பாட்டு நடுவில் அறுந்துபோகும்.

டிரைவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 44,100-ஐ ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு முறைக்கு 44 எண்ணும் கொஞ்சமும் வரும். அந்தக் "கொஞ்ச"த்தை எப்படி அனுப்புவது? அதனால் ஒன்பது முறை 44, பத்தாவது முறை 45 என்று டிரைவர் அனுப்புகிறது. பத்தும் சேர்ந்தால் 441. கணக்கு சரி! பாட்டு ஒலிக்கும் நேரம் முழுவதும் இந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

யார் கடிகாரம் சரி?

கிடங்கில் ஒரு கடிகாரம். டாக் கருவியில் ஒரு கடிகாரம். இரண்டும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஓடுமா? ஓடாது. அனுப்புகிறவர் முந்தினால் எண்கள் நிரம்பி வழியும். பிந்தினால் வற்றிப்போகும்.

இதற்கு என்ஜினீயர்கள் கண்ட வழி, நம் வீட்டுப் பந்தியில் நடப்பதுதான். சாப்பிடுகிறவர் "இன்னும் கொஞ்சம்" என்றால் சாம்பாரை ஊற்றுகிறோம். "போதும்" என்றால் கையை நிறுத்துகிறோம். நல்ல டாக் கருவியும் அப்படியே கம்ப்யூட்டருக்குச் சொல்லி அனுப்புகிறது. டிரைவர் அதைக் கேட்டு அளவைக் கூட்டிக் குறைக்கிறது. எண்ணை ஒலியாக்கும் நேரத்தை டாக் கருவியின் கடிகாரமே தீர்மானிக்கிறது.

பரோடாவில் பிறந்தவர்

இந்தக் கம்பியின் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பரோடாவில் பிறந்து, அங்கேயே என்ஜினீயரிங் படித்தவர் அஜய் பட். பிறகு அமெரிக்கா சென்று, 1990-ம் ஆண்டு "இன்டெல்" கம்பெனியில் சேர்ந்தார். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு துளை. ஓர் அச்சு யந்திரத்தை இணைப்பதற்குள் வீட்டில் உள்ளவர்கள் படாத பாடு பட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே துளை இருந்தால் என்ன என்று அவர் நினைத்தார்.

ஏழு கம்பெனிகள் சேர்ந்து 1996-ம் ஆண்டு யூ.எஸ்.பி. முறையை வெளியிட்டன. அதைப் பயன்படுத்தும் மற்றவர்களிடம் இன்டெல் உரிமைத்தொகை கேட்கவில்லை. அதனால் அது உலகம் முழுவதும் பரவியது. 2013-ம் ஆண்டு பட்டுக்கும் அவரது குழுவுக்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

அநாதையான பெட்டிகள்

பாட்டுக் கருவிகளுக்கு என்று ஒரு பொது விதி 1998-ம் ஆண்டு வந்தது. அந்த விதிப்படி செய்த கருவியை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் பாடும்.

ஆனால் மனிதனுக்கு ஆசை அடங்குமா? வினாடிக்கு 1,92,000 தடவை அளந்த துல்லியப் பாட்டுகள் வந்தன. அதற்கு வினாடிக்கு சுமார் 92 லட்சம் பிட் அனுப்ப வேண்டும். பழைய வழியில் ஒரு பாட்டுக்கு ஒதுக்கக்கூடிய இடமோ 82 லட்சத்துக்குள்! ஆகவே 2006-ம் ஆண்டு இரண்டாவது விதி வந்தது.

இங்கேதான் சிக்கல் வந்தது. உலகில் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இருந்தது "விண்டோஸ்". அதில் இந்த இரண்டாவது விதிக்கான டிரைவர் 2017-ம் ஆண்டுதான் சேர்க்கப்பட்டது. அதுவரை கருவி செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தனியாக டிரைவர் எழுதிக் கொடுத்தது. ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றுக்கு ஆகாது.

கம்பெனி உள்ளவரை கவலை இல்லை. கம்பெனியை மூடிவிட்டால்? அல்லது கம்ப்யூட்டர் புதிதாகி, பழைய டிரைவர் அதற்கு ஒத்துவராமல் போனால்? கருவியில் ஒரு பழுதும் இருக்காது. பளபளவென்று இருக்கும். ஆனால் பாடாது! ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியது அலமாரியில் தூங்கும்.

ஊர்ப் பொதுச் சொத்து

இதற்கு நேர்மாறான வழி ஒன்றும் இருந்தது. 1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் "லினக்ஸ்" என்பதைத் தொடங்கினார். யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம், பணம் வேண்டாம் என்பது அதன் கொள்கை. செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிசேலா 1998-ம் ஆண்டு அதற்கு ஒலிப் பகுதியை எழுத ஆரம்பித்தார். ஜப்பானியரான தகாஷி இவாய் 2002-ம் ஆண்டு யூ.எஸ்.பி. பாட்டு டிரைவரை எழுதினார். 2010-ம் ஆண்டு டேனியல் மாக் என்பவர் இரண்டாவது விதியையும் அதில் சேர்த்தார். விண்டோசுக்கு ஏழு ஆண்டு முன்னதாக!

ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தினார். ஒருவர் விலகினால் அடுத்தவர் பார்த்துக்கொண்டார். ஒரு கருவி செய்த கம்பெனி மறைந்தாலும், டிரைவர் மறையவில்லை.

இதில் ஒரு வேடிக்கை! பல லட்சம் ரூபாய் விலை உள்ள பாட்டுக் கிடங்குகள் பலவற்றின் உள்ளேயும் ஓடுவது இந்த இலவச லினக்ஸ்தான். சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள உள்ளங்கை அளவு "ராஸ்பெரி பை" கம்ப்யூட்டரில் ஓடுவதும் அதுவே.

அப்படியானால் லட்சங்கள் எதற்கு? அழகான பெட்டி, விசிறிச் சத்தம் இல்லாத அமைப்பு, மின் இரைச்சலைத் தடுக்கும் பாகங்கள், பழுது பார்க்கும் வசதி ஆகியவற்றுக்குத்தான். அது வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் எண்கள் மாறாமலும் முறை தவறாமலும் வந்து சேர்ந்துவிட்டால், பெட்டியின் விலையைப் பார்த்து அந்த எண்கள் இனிமையாகிவிடுவது இல்லை. ஒலியின் குணம் பெரும்பாலும் ஒலிபெருக்கியிலும், கேட்கும் அறையிலும், டாக் கருவியிலும்தான் இருக்கிறது.

வாங்குமுன் கேளுங்கள்

கருவி வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்பது நல்லது. தனி டிரைவர் இல்லாமல் இது ஓடுமா? லினக்சிலும் ஓடுமா? இதில் சேர்த்த பாட்டை நாளை வேறு பெட்டிக்கு மாற்ற முடியுமா? மூன்றுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால் துணிந்து வாங்கலாம்.

சினிமாப் பாட்டு தொலைந்தால் கடையில் வாங்கலாம். வீட்டுப் பாட்டு தொலைந்தால் வாங்க முடியுமா? பாட்டி பாடிய தாலாட்டு, கல்யாணத்தில் பாடிய நலங்கு, மீனவர்கள் படகு தள்ளும்போதும் வலை இழுக்கும்போதும் பாடிய அம்பாப் பாட்டு, இவை எத்தனையோ வீடுகளில் பழைய டேப்பில் கிடக்கின்றன. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் டேப் வேகமாகக் கெட்டுவிடும். படகில் மோட்டார் வந்தபின் அம்பா பாடுவோரும் குறைந்துவிட்டார்கள்.

இவற்றைக் காப்பாற்ற லட்ச ரூபாய்ப் பெட்டி வேண்டியது இல்லை. ஓடுகிற ஒரு பழைய டேப் ரெக்கார்டர், ஒலியை எண்ணாக்கும் ஒரு சிறிய யூ.எஸ்.பி. கருவி, ஒரு பழைய கம்ப்யூட்டர், இவை போதும். பாட்டை வெளியே கொண்டுபோகும் அதே டிரைவர், பாட்டை உள்ளேயும் கொண்டுவரும். சேர்த்ததை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழவேற்காட்டுப் பெரியவர்கள் ஏரியில் முறை வகுத்தார்கள். அது எந்தத் தனி ஆளுக்கும் சொந்தம் அல்ல, ஊருக்குச் சொந்தம். அதனால்தான் அது தலைமுறை தாண்டி நின்றது. கடல் கடந்த நாடுகளில் முகம் அறியாத சிலர் பாட்டுக்கும் அப்படி ஒரு முறை வகுத்தார்கள். அதையும் பொதுவில் வைத்தார்கள்.

ஏரியில் பாடு தவறாவிட்டால் வீட்டில் உலை கொதிக்கும். கம்பியில் பாடு தவறாவிட்டால் பாட்டியின் குரல் பேரன் காதில் கேட்கும்!