உங்களுக்குத் தெரியுமா? வீடுகளைத் தடுத்த தண்ணீர்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 2011-ல் ஏறத்தாழ 1,23,900 பேர் வசித்தார்கள். 2021 கணக்கெடுப்பில் அது 1,45,700 ஆகிவிட்டது. பத்தே ஆண்டுகளில் 17 சதவீதத்துக்கும் மேலான வளர்ச்சி! இங்கிலாந்து முழுவதற்கும் சேர்த்து அது 6.6 சதவீதம்தான்.

பல்கலைக்கழகமும் மருந்து, கணினி நிறுவனங்களும் ஆட்களை இழுக்கின்றன. ஆனால் நகரைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தில் எளிதில் கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டியில் புதிய ஊர்களே முளைக்கின்றன. பழைய விமானப்படைத் தளத்தில் எழும் நார்த்ஸ்டோ அவற்றில் ஒன்று. 2017-ல் முதல் குடும்பங்கள் அங்கே குடியேறின. மொத்தத் திட்டம் 10,000 வீடுகள்.

இவ்வளவு வீடுகளுக்கும் தண்ணீர்? அங்கேதான் சிக்கல். இப்பகுதியின் குடிநீர் நிலத்தடிச் சுண்ணப்பாறையிலிருந்து வருகிறது. அதே பாறையில் ஊறும் நீர்தான் பளிங்குபோல் தெளிந்த சுண்ண ஓடைகளுக்கும் உயிர். உலகிலேயே அரிதான இந்த ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் உள்ளன. அளவு மீறி உறிஞ்சினால் அவை வற்றிவிடும். அதனால் 2023-ல் சுற்றுச்சூழல் முகமை, கேம்பிரிட்ஜ் வட்டாரத்தின் பெரிய குடியிருப்புத் திட்டங்களுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. சரியான முடிவுதான், வீட்டைப் பிறகும் கட்டலாம், வற்றிய ஓடையை மீட்பது கடினம்.

இந்தத் தண்ணீர்ச் சிக்கலைத் தணிக்க, அதே கவுண்டியின் சாட்டரிஸ் ஊரருகே திட்டமிடப்பட்டுள்ள புதிய நீர்த்தேக்கமோ 2030-களின் நடுப்பகுதிக்கு முன் தயாராகாது.