செயலியை மாற்றினால் தாய்ப்பலகையும் ஏன் மாறவேண்டும்?

பீர்க்கன்கரணையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்காளின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கிய கணிப்பொறி அங்கே இருக்கிறது. உள்ளே இருப்பது இன்டெல் கோர் ஐ5-7400 என்னும் செயலி, அதாவது பிராசஸர். அது இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் செயலிகளின் பட்டியலிலோ இதன் பெயர் இல்லை. அடுத்த தலைமுறைச் செயலியான ஐ5-8400 பட்டியலில் இருக்கிறது. செயலியை மட்டும் மாற்றிவிட்டால் போதுமே என்று தம்பி பெருங்களத்தூரில் மின்ரயில் ஏறி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகிறான். "போர்டையும் சேர்த்து மாத்தணும் தம்பி" என்கிறார் கடைக்காரர். ஒரு பொருள் வாங்கப் போனவனிடம் இரண்டு பொருள் விற்கப் பார்க்கிறாரோ என்று ஐயம் எழுவது இயல்புதானே?

கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் காரணம் வெளியே தெரிவதில்லை. ஐ5-7400 வெளிவந்தது 2017 ஜனவரியில். ஐ5-8400 அதே ஆண்டு அக்டோபரில். இடையில் ஒன்பதே மாதங்கள். இரண்டின் அடியிலும் 1151 தொடுமுனைகள். நீள அகலமும் ஒன்றே. பழைய பலகையின் சாக்கெட்டில் புதிய செயலி அழகாக உட்காரும். சுவிட்சைப் போட்டால் மட்டும் கணிப்பொறி எழுந்திருக்காது!

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், எந்த முனைக்கு என்ன வேலை என்பது மாறிவிட்டது. பழைய செயலியில் மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் முக்கிய முனைகள் 128, புதியதில் 146. முன்பு வேலையின்றி ஒதுக்கி வைத்திருந்த சில முனைகளுக்கு இப்போது வேலை வந்துவிட்டது. நான்கு உட்கருக்கள் இருந்த இடத்தில் ஆறு வந்ததால் கூடுதல் மின்சாரம் தேவை என்பது இன்டெல் தரப்பு விளக்கம்.

வெறும் மின்சாரத்துக்கா இத்தனை முனைகள் என்று நீங்கள் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் படித்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். செயலியின் அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். அது வேலை செய்யும் மின்னழுத்தமோ சுமார் 1.2 வோல்ட்தான். 65-ஐ 1.2-ஆல் வகுத்தால் என்ன வருகிறது? ஐம்பது ஆம்பியருக்கும் மேல்! உங்கள் தெருவில் ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடு ஒன்றாவது இருக்கும். அந்தப் பெட்டி முழு மூச்சாக ஓடும்போதும் ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கும். தபால்தலையைவிடச் சற்றே பெரிய செயலி அதைப்போல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. இதை 128 முனைகள் பங்கிட்டுக்கொண்டால் முனை ஒன்றுக்குச் சுமார் 0.4 ஆம்பியர். தலைமுடி போன்ற மெல்லிய முனை அதைத் தாங்கும். ஐம்பதையும் ஒன்றே தாங்காது.

சரி, இவ்வளவு மின்னோட்டத்தை எங்கிருந்து கொண்டுவருவது? எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்தே 1.2 வோல்ட்டாக அனுப்பினால் விரல் தடிமனுக்குக் கம்பி வேண்டும். வழியிலேயே பாதி சூடாகப் போய்விடும். ஆகவே பெட்டி 12 வோல்ட்டாக அனுப்புகிறது. அப்போது ஐந்தரை ஆம்பியர் போதும். சாதாரண மஞ்சள் கம்பிகள் தாங்கும். செயலியின் வாசல் வரை வந்தபின் தாய்ப்பலகை அதை 1.2 வோல்ட்டாக இறக்குகிறது. மின்வாரியம் 11,000 வோல்ட்டில் மின்சாரத்தைக் கொண்டுவந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இறக்கி வீட்டுக்குத் தருவது போலத்தான் இதுவும். பலகையில் இருப்பது டிரான்ஸ்பார்மர் அல்ல; நொடிக்கு இலட்சக்கணக்கான முறை திறந்து மூடும் மின்சாவிகள். ஆனால் கருத்து ஒன்றே. பழைய பலகை ஒன்று கிடைத்தால் பாருங்கள். செயலியைச் சுற்றிச் சாம்பல் நிறச் சிறு கட்டிகளும் குட்டி டப்பாக்களும் வரிசையாக நிற்கும். கட்டிகள் கம்பிச்சுருள்கள், டப்பாக்கள் மின்தேக்கிகள். தெருமுனை டிரான்ஸ்பார்மர் சிறியதாக இருந்தால் கோடையில் தெருவே இருளில் மூழ்குவதில்லையா? பெரிய செயலியை எளிய பலகையில் வைத்தாலும் சுமை தாங்காமல் வேகம் குறையும்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆர்வலர்கள் பழைய பலகையின் மென்பொருளைத் திருத்தி, ஓரிரு முனைகளை ஒட்டுத்தாளால் மறைத்து, எட்டாம் தலைமுறைச் செயலியை அதிலேயே ஓட்டிக் காட்டினார்கள். எனவே காரணம் முழுக்க மின்னியல் மட்டுமே என்று நான் நம்பவில்லை. வியாபாரமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி., 2016-இல் கொண்டுவந்த ஏ.எம்.4 என்னும் சாக்கெட்டில் பல தலைமுறைச் செயலிகளை ஆண்டுக்கணக்கில் பொருத்த இடம் கொடுத்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலகை மாறினால் ரேமும் மாற நேரலாம். டி.டி.ஆர்.3 வகை 1.5 வோல்ட்டிலும், 4 வகை 1.2 வோல்ட்டிலும், 5 வகை 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன. தவறான பலகையில் சொருகிக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே கீழ்விளிம்பின் வெட்டை வகைக்கு ஓர் இடத்தில் வைத்திருக்கிறார்கள். ரேமுக்கும் செயலிக்கும் இடையே செல்லும் செம்புக் கோடுகளையும் கவனியுங்கள். சில கோடுகள் நேரே போகாமல் பாம்பு போல நெளிந்து போகும். அது அழகுக்காக அல்ல. செயலி நொடிக்கு 400 கோடி துடிப்புகள் துடித்தால், ஒரு துடிப்புக்குள் ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் செல்லும். பலகையில் ஓடும் சைகை அதில் ஏறக்குறையப் பாதி. ஒரு கோடு சற்று நீளமாகிவிட்டாலும் அதன் சைகை பிந்திவிடும். ஆகவே குட்டையாக அமையும் கோடுகளை நெளித்து நீட்டி எல்லாவற்றையும் சமமாக்குகிறார்கள்.

வாங்குமுன் உங்கள் கணிப்பொறி எதனால் மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டாலே பலருக்குப் போதும். பலகையைத் தொடவே வேண்டாம். பலகையை மாற்றத்தான் வேண்டுமென்றால், எஸ்.எம்.பி.எஸ்.-இல் செயலிக்கான எட்டுமுனைக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் நான்குதான் இருக்கும்.

பொருத்தும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். சென்னையின் ஈரக்காற்றில் இந்த ஆபத்து குறைவுதான். இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். இணைப்பை எடுத்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். செயலியின் மூலையில் ஒரு சிறு முக்கோணம் உண்டு. சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு அதைச் சேர்த்து, அழுத்தாமல் மெல்ல வையுங்கள். சாக்கெட்டின் முனைகளில் ஒன்று வளைந்தாலும் பலகை போயிற்று!

அடுத்தது வெப்பம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். செயலியின் சில்லு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர்தான். கணக்கிட்டால் 40 வாட்டுக்கும் மேல் வரும். இந்த வெப்பத்தை மேலே உள்ள விசிறியும் உலோகச் சிறகுகளும் வாங்கிக்கொள்ள வேண்டும். பளபளப்பாகத் தெரிந்தாலும் உலோகப் பரப்புகளில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் வெப்பம் நகராது. பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. அது காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அதிகம் பூசினாலும் கெடுதல்தான். ஜி.எஸ்.டி. சாலைப் பக்கத்து வீடுகளில் சிறகுகளிடையே தூசி படியும். பழைய கேபினெட்டைத் திறந்ததும் முதலில் அதைத் துடையுங்கள்.

எல்லாம் முடித்து சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் கலங்காதீர்கள். எட்டுமுனைக் கம்பியைச் சொருகினீர்களா, ரேம் இருபுறமும் 'கிளிக்' என்று அமர்ந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் குறை இருக்கும். டி.டி.ஆர்.5 ரேம் என்றால் முதல்முறை சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். முன்னே சொன்ன சைகைகளின் நேரத்தைப் பலகை அளந்து சரிசெய்துகொண்டிருக்கும்.

கழற்றி எடுத்த பழைய பலகையை ஏரிக்கரையில் எறிந்துவிடாதீர்கள். ஐ5-7400 லினக்ஸில் நன்றாகவே ஓடும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வகையைச் சேர்ந்ததே. பழைய எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் ரேமும் கிடைத்தால், தங்கைக்கு நிரல் எழுதிப் பழக ஒரு தனிக் கணிப்பொறி தயார்.