கோளாறு காலில் இல்லை

“அவங்கப்பாவும் லேட்டாதான் நடந்தாரு, பயப்படாதே.” ஒன்றரை வயதாகியும் எழுந்து நிற்காத குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கு, சித்தூர், திருப்பதிப் பக்கம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் இது. அந்த ஆறுதலில் கரைகிற மாதங்கள்தான் குழந்தைக்கு மிக முக்கியமானவை.

பிறந்ததும் அழாத குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது, மஞ்சள்காமாலை மூளையைத் தாக்கியது: இவர்களுக்கு மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு அதிகம். நான்கு மாதம் கடந்தும் தலை நிற்கவில்லை, கால்கள் கத்தரிபோலப் பின்னுகின்றன என்றால் காத்திருக்காதீர்கள். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே நீட்டும் குழந்தையை இடதுகைப் பழக்கம் என்று விட்டுவிடுகிறோம், அதுவும் அறிகுறிதான். தேர்ந்த மருத்துவரால் ஆறு மாதத்துக்கு முன்பே கண்டறிய முடியும்.

எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடிப் பழகிய ஊர்கள் இவை. ஆனால் இந்தக் குழந்தையின் கால் இறுகுவதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. கட்டுப் போட்டோ எண்ணெய் தேய்த்து இழுத்தோ அது தீராது. நிற்காமலே வளரும் குழந்தையின் எலும்பு மெலிந்திருக்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் முறியும்.

பிசியோதெரபி என்றால், குழந்தை கதறக் கதறக் காலை நீட்டி மடக்குவது என்றே பலரும் நினைக்கிறார்கள். பிறர் அசைத்துவிடுவதால் மட்டும் செயல்திறன் வளர்வதில்லை என்கின்றன ஆய்வுகள். குழந்தை தானே முயல வேண்டும். தட்டிலிருந்து இட்லியை எடுப்பது, கட்டிலைப் பிடித்து எழுவது என அதற்கு வேண்டிய ஒரு வேலையைத் தினமும் பலமுறை செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால், தெரபிஸ்ட் சொல்லும் நேரத்துக்கு நல்ல கையில் உறை மாட்டி, மற்றக் கையை விளையாட விடுவது நல்ல பலன் தருகிறது. வாரம் ஒருநாள் அரைமணி நேரம் போதாது. வீட்டில் எப்படிச் செய்வதென்று அம்மாவுக்கும் ஆயாவுக்கும் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும், தொடக்கத்தில் வலிக்காது. ஆகவே இடுப்பு எக்ஸ்ரே பற்றியும் கேளுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்று யாராவது லட்சங்கள் கேட்டால், நிலத்தை விற்காதீர்கள். மூளை முடக்குவாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலை.

திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை, ஸ்விம்ஸ், ரூயா அரசு மருத்துவமனை இருக்கின்றன. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யும் பக்கம். அரசுப் பள்ளிகளோடு இணைந்த பவிதா மையங்களிலும் பிசியோதெரபி உண்டு.

இங்கே சிகிச்சை பெறுவது சலுகை அல்ல, உரிமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிகிச்சையில் முன்னுரிமை தருகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. கிராம, வார்டு சச்சிவாலயத்தில் ஸ்லாட் பதிந்து, குறைபாட்டின் அளவைக் காட்டும் சதரம் சான்றிதழ் வாங்குங்கள். அதை வைத்து ஓய்வூதியம் கேட்கலாம்; ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து அது மாதம் 6,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை; தெரபி செலவும் அதில் சேரும். எங்காவது இழுத்தடித்தால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சான்றிதழ் வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அதைத் தொடங்க எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை.