ஸ்பானிஷ் எழுத்துக்கு வந்த சங்கடம்

ஸ்பானிஷ் பாஷையில் ‘ஆஞோ’ என்றால் வருஷம். ஞகரம் இருக்க வேண்டிய இடத்தில் னகரம் விழுந்துவிட்டால், அதே சொல் சபையில் சொல்லத் தகாத ஓர் அங்கத்தின் பெயராகிவிடும். புது வருஷத்தன்று கைபேசியில் வாழ்த்து அனுப்பும் ஸ்பானியர் இந்த அபாயத்தை அறிந்தே விரலை வைக்கிறார்.

இவ்விரண்டு எழுத்துக்கும் உருவ பேதம் தலைமேல் இட்ட ஒரு சிறு அலைக்கோடுதான். முற்காலத்தில் ஏடு பெயர்த்தெழுதியோர், இரட்டை னகரம் எழுதும் சிரமத்தைக் குறைக்க, ஒன்றின்மேல் மற்றொன்றைச் சிறிதாக ஏற்றி எழுதினர். அதுவே நாளடைவில் தனி எழுத்தாயிற்று. கைபேசியில் ஸ்பானிஷ் விசைப்பலகையைத் தேர்ந்துகொண்டால் இதற்குத் தனி விசை உண்டு. ஆங்கிலப் பலகையிலோ, னகர விசையை அழுத்திப் பிடித்துக் காத்திருந்து, மேலே தோன்றும் எழுத்தை நோக்கி விரலை நகர்த்த வேண்டும்.

உயிரெழுத்தின் மேலிடும் அழுத்தக் குறிக்கு ஸ்பானிஷ் பலகையிலும் பெரும்பாலும் இதே கதிதான். குறி இல்லாவிட்டால் என்ன என்று கேட்பார் உளர். ‘ஆப்லோ’ என்றால் ‘நான் பேசுகிறேன்’. ஈற்றெழுத்தில் குறி ஏறினால் ‘அவர் பேசினார்’. கைபேசி தானே திருத்தித் தருமே என்றால், இரண்டுமே சரியான சொற்களாதலால் எழுதுவோர் எதைக் கருதினார் என்பதை அது எப்போதும் ஊகிக்க இயலாது. 1754-ல் ஸ்பானிஷ் ராஜாங்க அகாடமி விதித்த தலைகீழ்க் கேள்விக் குறியை, வாக்கியத் தொடக்கத்தில் இடுவதற்கு அவசரக்காரர் பலருக்குப் பொறுமையில்லை.

குறுஞ்செய்தியில் நேர்ந்த அநீதி இதனினும் பெரிது. ஒரு செய்திக்கு 160 எழுத்து என வகுத்த ஜி.எஸ்.எம். எழுத்துப் பட்டியலில் அலைக்கோட்டு எழுத்து இருந்தது. ஸ்பானிஷ் குறியிட்ட எகரமும் இருந்தது. அதே குறியிட்ட அ, இ, உ, ஒ நான்கும் இல்லை! பழைய முறைப்படி இவற்றில் ஒன்றைச் சேர்த்தாலும் செய்தியின் அளவு 70 எழுத்தாகச் சுருங்கும். தமிழில் அனுப்பும் செய்திக்கும் அளவு அதே 70 தான். காசு கொடுத்துச் செய்தி அனுப்பியவர்கள் குறியைக் கைவிட்டதில் வியப்பென்ன?

எனினும் ஸ்பெயின் தேசத்தார் வாளாவிருந்தவர்களல்லர். அலைக்கோட்டு எழுத்தில்லாத கணினிப் பலகைகளை விற்கலாகாது என்று அவர்கள் வைத்திருந்த விதி, வர்த்தகத்துக்குத் தடை என 1991-ல் ஐரோப்பிய சமூகம் ஆட்சேபித்தது. வியாபாரியின் சௌகரியத்துக்காக ஒரு ஜனசமூகம் தன் எழுத்தைத் துறக்க வேண்டுமென்பது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை. அகாடமி கண்டித்தது. கொலம்பியா தேசத்து நாவலாசிரியர் கப்ரியேல் கார்ஸியா மார்க்கெஸ் எழுத்தின் சார்பில் வாதாடினார். ஸ்பெயின் சர்க்கார் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின் கலாசாரப் பாதுகாப்பை ஆதாரமாகக் காட்டி, 1993 ஏப்ரலில் ஆணை பிறப்பித்து அவ்விதியை நிலைநிறுத்திற்று.

ஆனால் சர்க்கார் ஆணை பிற தேசத்துப் பலகைகளைக் கட்டுப்படுத்தாதல்லவா? ஆங்கிலப் பலகையில் அவசரமாக எழுதுவோரிற் சிலர், னகரத்தோடு இகரத்தைச் சேர்த்து ‘ஆனியோ’ என்று எழுதி மானத்தைக் காத்துக்கொள்கிறார்கள்.