நீர்வண்டு: கண்டது எங்கே, பிறந்தது எங்கே?

மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போனபோது, பள்ளி ஹவுழில் கறுத்த வண்டொன்று சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. "இஞ்ச பாருங்க, கரப்பான்!" என்றான் ஒரு பொடியன். பக்கத்தில் நின்ற பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஹவுழ்ல பூச்சி பெருகிட்டு. மருந்து ஊத்தினாத்தான் சரி."

ஊற்றவில்லை. அந்த வண்டு எது, அது எங்கே பெருகுகிறது என்ற இரண்டையும் அறியாமல் ஊற்றுவதில் பயனுமில்லை.

முதலில் நீந்தும் விதத்தைப் பார்க்க வேண்டும். இரைபிடிக்கும் நீர்வண்டு, பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக அடித்துச் செல்லும். தோணியில் இரு பக்கத் துடுப்பையும் ஒரே நேரத்தில் வலிப்பது போல. அக்கால்கள் தட்டையானவை, ஓரங்களில் மயிர் வரிசை கொண்டவை. இதைப் போலவே இருக்கும் இன்னொரு கரிய வண்டு கால்களை மாறி மாறி அடிக்கும். அதன் நெஞ்சுக்குக் கீழே கூரிய முள் நீண்டிருக்கும். அது பெரும்பாலும் பாசியும் அழுகலும் தின்னும் சாது. மூச்செடுக்க மேலே வரும்போதும் இரண்டும் வேறுபடும்: சாது தலையை நீட்டும், நம்முடையது பின்புறத்தை நீட்டி, காற்றை இறக்கைமூடிகளுக்கடியில் நிரப்பிக்கொண்டு மூழ்கும். சுவாசத்துளைகள் அந்த மூடிக்குக் கீழேதான் இருக்கின்றன.

ஹவுழில் கண்டது ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். முதுகு பச்சை கலந்த கறுப்பு. இரு ஓரங்களிலும் மஞ்சள் கரை. உணர்கொம்பு நூல்போல மெலிந்தது. முன்னங்கால் பாதம் வட்டத் தட்டாக அகன்றிருந்ததால் ஆண் என்று தெரிந்தது. கூடும்போது வழுக்கும் முதுகைப் பற்றிக்கொள்ளத்தான் அந்தத் தட்டு. இவ்வளவும் சிபிஸ்டர் திரிபங்டாட்டஸ் என்ற இனத்துக்குப் பொருந்தும். பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே 1795இல் பெயரிட்ட இனம் இது. பெயரை நம்பி முதுகில் மூன்று பெரிய புள்ளிகளைத் தேடினால் ஏமாந்துதான் போவோம். இதற்கு நெருங்கிய உறவினங்களும் உண்டு. லிம்பாட்டஸ் என்பது இதைவிடப் பெரியது. ஐயமறத் தீர்க்க ஆணின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். எனவே "பொருந்தும்" என்பதற்கு மேல் நான் துணியவில்லை.

இனி வாழிடம். இங்கேதான் அநேகர் தவறுவது. இந்த வண்டு நன்றாகப் பறக்கும், அதுவும் இரவில். மேலேயிருந்து நீரை அது அறிவது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து. பளபளக்கும் கார்க் கூரையையும் கறுப்புப் பொலித்தீனையும் குளமென்று நம்பி விழுகிற நீர்வண்டுகள் உண்டு. பள்ளி வெளிச்சத்துக்கு வந்த வண்டு ஹவுழில் இறங்கியதில் அதிசயமில்லை. கண்ட இடம் அது தங்கிய இடம், அவ்வளவுதான்.

பிறந்த இடத்தை அறியக் குடம்பியைத் தேட வேண்டும். வயல் வாய்க்காலிலும், பெரிய மீன் இல்லாத புல் மண்டிய மடுக்களிலும் வலையால் அரித்தால் கிடைக்கலாம்: நீண்ட உடல், அரிவாள்போல் வளைந்த இரு தாடைகள், தலையின் முன்விளிம்பில் மூன்று பற்கள். கையால் பிடிக்க வேண்டாம், கடிக்கும். தாடைக்குள் ஓடும் குழாய் வழியாகச் செரிப்புநீரை இரைக்குள் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். தும்பிக் குடம்பியும் வாற்பேயும் சிறுமீனும் அதன் இரை.

தாய் வண்டு முட்டையிடுவது நீர்ச்செடித் தண்டுக்குள். வளர்ந்த குடம்பியோ நீரைவிட்டு ஏறி, கரையின் ஈரமண்ணில் குழி செய்து, அதற்குள்தான் கூட்டுப்புழுவாகும். ஆகவே தண்ணீர் மட்டும் போதாது. செடியும் வேண்டும், ஏறக்கூடிய மண்கரையும் வேண்டும். இரு பக்கமும் கொங்கிரீட் போட்ட வாய்க்காலில் தண்ணீர் நிறைந்திருந்தும் இந்த வண்டின் சந்ததி அங்கே முடியாது. யப்பானில் வயலோரங்கள் இப்படி மாறியதும் பூச்சிகொல்லியும் சேர்ந்து, இதே சிபிஸ்டர் வகை வண்டுகள் பல இடங்களில் அருகிவிட்டன. நம் பக்கத்திலும் வாய்க்கால் கட்டும்போது ஒரு பக்கத்தையாவது மண்ணாக விட முடியாதா என்று கேட்டுப்பார்க்கலாம். யாரும் கேட்டதாக நான் அறியேன்.

ஹவுழில் செடியுமில்லை, மண்ணுமில்லை. அங்கே அது பெருக வழியில்லை என்று பெரியவரிடம் சொன்னேன். "அப்ப இது எங்கால வந்த?" என்றார். பள்ளிக்குப் பின்னால் இருந்த வயலைக் காட்டினேன். பொடியன் கோப்பையால் அள்ளிக்கொண்டுபோய் வாய்க்காலில் விட்டான். அது மண்கரை வாய்க்கால்தான்.